குழாயை விட ஆக்சிஜன் முக்கியம்: கடற்கரை ஊர் தியேட்டரில் மூச்சுவழியைக் காப்பது எப்படி

மயக்கம் கொடுத்த நோயாளியின் தொண்டையில் குழாய் போகவில்லை என்பதால் மட்டும் உயிர் போவதில்லை. குழாய் போட வேண்டும் என்ற பிடிவாதத்தில் ஆக்சிஜன் கொடுக்க மறந்துவிடும்போதுதான் போகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றித்தான். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி போன்ற ஊர்களின் சிறிய தியேட்டர்களில் வேலை செய்யும் இளம் மயக்க மருத்துவர்கள், அனஸ்தீசியா டெக்னீஷியன்கள், தியேட்டர் சிஸ்டர்களுக்காக எழுதியது. ஒரே ஒரு மயக்க மருத்துவர் இருக்கும் இடத்தில் சிக்கல் வந்தால் இன்னொரு கை மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து வர வேண்டும். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் தாங்கும் நேரமோ சில நிமிடங்கள்தான். ஆகவே அடுத்தது என்ன, அதற்கு அடுத்தது என்ன என்பதை முதல் ஊசி ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். இதில் சொல்லியிருப்பவற்றைப் பொம்மையிலும் மூத்தவர் பக்கத்திலும் கை பழகிய பிறகுதான் நோயாளியிடம் செய்ய வேண்டும்.

முந்தைய நாள் மாலை, வார்டில்

மேஜையில் படுக்க வைத்த பிறகு வாயைப் பார்ப்பது காலம் கடந்த வேலை. முந்தைய நாளே நோயாளியை உட்கார வைத்து, நேருக்கு நேர் நின்று, டார்ச் அடித்துப் பாருங்கள். “அப்பத்தா, வாயை நல்லா அகலமா திறந்து நாக்கை நீட்டுங்க, சத்தம் வேணாம்” என்று சொன்னால் போதும். ‘ஆ’ என்று சொல்ல வைத்தால் அண்ணம் மேலேறி, மல்லம்பாட்டி வகுப்பு (வாய் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்ற தரம்) இருப்பதைவிட நல்லதாகத் தெரிந்து ஏமாற்றும். உள்நாக்கு முழுதாகத் தெரிந்தால் நிம்மதி. அதன் அடிப்பகுதி மட்டும் தெரிந்தால் மூன்றாம் வகுப்பு, மெல்லண்ணமே தெரியாவிட்டால் நான்காம் வகுப்பு.

அடுத்து, அவருடைய மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் நுழைகின்றனவா என்று பாருங்கள். கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா? தலையை முழுதாக அண்ணாந்தபோது தாடை நுனிக்கும் குரல்வளை மேட்டுக்கும் இடையில் 6.5 சென்டிமீட்டர் இருக்கிறதா? கழுத்து நன்றாக மடங்கி நிமிர்கிறதா? ஆடும் பல், பொய்ப்பல், அடர்ந்த தாடி, குறட்டை, கழுத்துக் கழலை, முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது சொன்னார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைகளில் எதையும் தனியாக நம்ப முடியாது. இரண்டு மூன்று சேர்ந்து சரியில்லை என்றால் அன்றைக்கே திட்டத்தை மாற்றுங்கள். குழாய் போடுவது கடினமா என்பதோடு நிற்காமல், மாஸ்க் பிடிப்பது கடினமா, ஐ-ஜெல் (குரல்வளையின் மேல் உட்காரும் மூச்சுக் கருவி) வைப்பது கடினமா, கழுத்தைக் கீறி அதன் வழியாகப் போவது கடினமா என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கும் கடினம் என்றால் அந்த நோயாளியை உறங்க வைக்கவே கூடாது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்கள் இங்கே நிறைய. பாக்கு, பான் மசாலா போட்டுப் போட்டுக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகிவிடும். கையுறை போட்டு விரலை உள்ளே விட்டுத் தடவினால் வெளிறிய பட்டைகள் கயிறு மாதிரி தட்டுப்படும். “மருந்து கொடுத்துத் தசை தளர்ந்தால் வாய் திறந்துகொள்ளும்” என்ற நினைப்பு இவர்களிடம் பொய்த்துவிடும். அங்கே இறுகியிருப்பது தசை கிடையாது, தழும்புத் திசு. தளர்த்தும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் ஐ-ஜெல்கூட உள்ளே போகாது. இவர்களுக்கு விழித்த நிலையிலேயே மூக்கு வழியாக ஃபைபர் ஸ்கோப் விட்டுக் குழாய் போடுவதுதான் சரி: கிளைக்கோபைரோலேட் 0.2 மில்லிகிராம் அரை மணி நேரம் முன்னதாக, மூக்கில் சைலோமெட்டாசோலின் சொட்டு, பிறகு லிக்னோகெயின் தெளிப்பு. மேலே பூசும் லிக்னோகெயின் எல்லாம் சேர்ந்து கொழுப்பு நீங்கிய எடைக்கு கிலோவுக்கு 9 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எத்தனை மில்லி தெளித்தோம் என்பதை ஒருவர் பலகையில் எழுதிக்கொண்டே வர வேண்டும். ஸ்கோப் இல்லாத இடமென்றால், அவசரம் இல்லாத அறுவையை ஸ்கோப் உள்ள இடத்துக்கு அனுப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெறும் வயிறு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2011-இல் பிரிட்டனில் வந்த நான்காவது தேசியத் தணிக்கை அறிக்கையில் மயக்கத்தின்போது நேர்ந்த மூச்சுவழி மரணங்களுக்கு முதல் காரணமாக இருந்தது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனதுதான். கணக்கு எல்லோருக்கும் தெரியும்: தெளிந்த பானம் 2 மணி நேரம், தாய்ப்பால் 4, இலேசான உணவு 6, எண்ணெயும் கறியும் சேர்ந்த சாப்பாடு 8. தவறு நடப்பது கேள்வியில். “காலையில சாப்பிட்டீங்களா?” என்றால் “இல்லை” என்பார்கள்; நீராகாரம் குடித்ததை யாரும் சாப்பாடாகக் கணக்கில் எடுப்பதில்லை. “கடைசியா வாயில என்ன போட்டீங்க, எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். பருக்கை கலந்த நீராகாரம், கஞ்சி, பால் டீ எல்லாம் உணவுக் கணக்கில்தான் வரும். வடிகட்டிய இளநீர் தெளிந்த பானம். வழுக்கையோடு சாப்பிட்டால் இல்லை. ரமலான் நோன்பில் இருப்பவரிடம் சஹர் நேரத்தைக் கேட்டு எழுதுங்கள். அவருக்கு வயிறு காலியாக இருந்தாலும் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும், மருந்து ஏறியதும் பிரஷர் இறங்கும். சலைன் முன்னதாகவே ஓடட்டும்.

அடிபட்டு வந்தவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. விசைப்படகில் வின்ச்சில் கை மாட்டியவர் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு அடிபட்டு, காலை ஆறு மணிக்குக் கரை சேர்ந்தால், அவர் வயிற்றுக்கு ஒரு மணி நேரம்தான் கழிந்திருக்கிறது. வலியும் பயமும் வந்தவுடன் இரைப்பை வேலை நிறுத்திவிடும். வயிறு நிறைந்தவர் என்றே வைத்து மயக்கம் கொடுங்கள்.

உப்புக்காற்றும் கருவிகளும்

கடலோரத்தில் கருவி கெடுவதற்குத் தனி வழி உண்டு. குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் கைப்பிடியும் பிளேடும் சேரும் இடத்தில் உள்ள செம்புத் தொடுமுனை பச்சை பூத்துவிடும். நேற்று எரிந்த விளக்கு இன்று பாதி வாய்க்குள் போனதும் மினுக்கி அணையும். தினமும் காலையில் பிளேடை மாட்டி, நான்கைந்து முறை மடக்கி விரித்துப் பாருங்கள். ஒளி வெள்ளையாக, ஆடாமல் இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் செல் தீர்கிறது. ஆட்டினால் அணைகிறது என்றால் பெரும்பாலும் பல்பு தளர்ந்திருக்கும், விரலால் இறுக்குங்கள். தொடுமுனையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வாரக் கடைசியில் தியேட்டர் மூடியிருக்குமானால் செல்லைக் கழற்றி வையுங்கள். எப்போதும் இரண்டு கைப்பிடி மேஜையில் இருக்க வேண்டும்.

ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வும் சாவியும் துரு ஏறி இறுகும். அதற்கு எண்ணெய், கிரீஸ், வாசலின் எதையும் தொடக் கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீப்பிடிக்கும். காய்ந்த துணியால் துடையுங்கள், திறக்கவில்லை என்றால் சிலிண்டரை மாற்றுங்கள். நுகத்தில் உட்காரும் சின்ன வாஷர் இல்லாமல் ‘உஸ்’ சத்தத்தோடு கசியும் சிலிண்டர் அறுவையின் நடுவில் காலியாகும். இரண்டு வாஷர் கூடுதலாக மெஷின் டிராயரில் இருக்கட்டும்.

ஏ.சி. குளிரில் இருந்த வீடியோ லாரிங்கோஸ்கோப்பை ஈரமான வாய்க்குள் விட்டதும் லென்ஸில் பனி படியும். இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே ஆன் செய்து சூடேற விடுங்கள். மின்சாரம் போனால் சக்‌ஷன் நிற்கும் என்பதால் கால் சக்‌ஷன் ஒன்று அறையிலேயே இருக்க வேண்டும், அடுத்த கட்டிட ஸ்டோரில் இருந்தால் பயனில்லை. தசையைத் தளர்த்தும் ஸ்கோலினும் ரோகுரோனியமும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவை. கோடையில் ஃப்ரிட்ஜ் பல மணி நேரம் நின்றுபோன நாளுக்குப் பிறகு அந்தக் குப்பிகளை நம்பி வயிறு நிறைந்த நோயாளியை உறங்க வைக்காதீர்கள்.

மேஜையில் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை: மூன்று அளவு மாஸ்க், வாய்க் குழல் 3-உம் 4-உம், மெக்கின்டாஷ் பிளேடு 3-உம் 4-உம், குழாய் பெண்ணுக்கு 7.0, ஆணுக்கு 7.5 அல்லது 8.0, ஒவ்வொன்றுக்கும் அரை அளவு சிறியது ஒன்று, ஸ்டைலெட், பூஜி (குழாய்க்கு வழிகாட்டும் நீண்ட, வளையும் மெல்லிய தண்டு), ஐ-ஜெல் 3, 4, 5, ஓடும் சக்‌ஷன், ஆம்பு பேக். மெஷின் எவ்வளவு புதியதானாலும் ஆம்பு பேக் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். குழந்தைக்குக் கஃப் (நுனிப்பக்கம் ஊதும் பலூன்) உள்ள குழாய் அளவு, வயதை நாலால் வகுத்து 3.5 கூட்டினால் வரும். பல்வரிசையில் நிற்க வேண்டிய ஆழம், வயதில் பாதியோடு 12. இதோடு இன்னொரு பை: 10-ஆம் எண் கத்தி, பூஜி, 6.0 கஃப் குழாய். மூன்றையும் ஒரே உறையில் போட்டு மெஷினின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பூட்டிய அலமாரியில் வைத்த பை இல்லாத பைக்குச் சமம்.

ஆக்சிஜனை நிரப்புவது

மூச்சு விட்டபின் நுரையீரலில் மிஞ்சும் காற்று பெரியவருக்குச் சுமார் இரண்டரை லிட்டர். சாதாரணக் காற்றில் இருந்தால் அதில் உள்ள ஆக்சிஜன் 400 மில்லிக்கும் குறைவு. உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லி செலவழிக்கிறது. அதாவது மூச்சு நின்றால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அதே இடத்தை ஆக்சிஜனால் நிரப்பினால் இரண்டு லிட்டருக்கு மேல் கையிருப்பு. ஆரோக்கியமான ஒருவர் ஏழெட்டு நிமிடம் தாங்குவார். பருமனானவர் மூன்று நிமிடம்கூட நிற்பது சந்தேகம். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் இன்னும் அவசரம்.

தலைப்பக்கத்தை 20 முதல் 25 டிகிரி உயர்த்துங்கள். பருமனானவருக்குத் தோள், முதுகு, தலைக்கு அடியில் போர்வைகளை அடுக்கி, காது ஓட்டையும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே மட்டத்தில் வரும்படி செய்யுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் இது தெரியும். 10 லிட்டர் ஓட்டத்தில் நூறு சதவீத ஆக்சிஜன், மாஸ்க் முகத்தோடு ஒட்டி, மூன்று நிமிடம் சாதாரண மூச்சு. அவசரமென்றால் ஒரு நிமிடத்தில் எட்டு ஆழ்ந்த மூச்சு. வெளிமூச்சின் ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொட்டால் நிறைந்தது என்று அர்த்தம். அந்த அளவி இல்லையென்றால் பேக்கைப் பாருங்கள்: ஒவ்வொரு மூச்சுக்கும் பேக் சுருங்கி விரிய வேண்டும், அலை தெரிய வேண்டும். பேக் அசையாமல் இருந்தால் மாஸ்க் ஓரத்தில் அறைக் காற்று நுழைகிறது. மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் எண்ணுவது வெறும் சடங்கு. மூச்சு முட்டுகிறது என்று பயப்படுகிறவரிடம் “இது வெறும் ஆக்சிஜன்தாம்மா, கடல் காத்து மாதிரி மெதுவா இழுத்து விடுங்க” என்று சொல்லி, மாஸ்க்கை அவர் கையாலேயே பிடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்.

மாஸ்க்குக்கு அடியில் மூக்கில் ஆக்சிஜன் நாளம் ஒன்றை மாட்டி, மருந்து ஏறியபின் 15 லிட்டருக்கு உயர்த்திவிடுங்கள். குழாய் போட முயலும் நேரம் முழுவதும் அது ஓடட்டும். செலவு மிகக் குறைவு, கிடைக்கும் நிமிடங்கள் விலைமதிப்பில்லாதவை.

சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு) எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விரல் ப்ரோப் காட்டுவது அரை நிமிடம் முந்தைய நிலை. கை குளிர்ந்திருந்தால் அதைவிடவும் பழையது. 95 வரை மெதுவாக இறங்கும், 90-க்குக் கீழே போனால் சரிந்துவிடும். அடர்ந்த மருதாணியும் நகச்சாயமும் சில நேரம் எண்ணைக் குழப்பும். காது மடலுக்கு மாற்றுங்கள்.

மருந்து ஏறும் முன் சத்தமாகச் சொல்லுங்கள்: “முதல்ல வீடியோ ஸ்கோப்பும் பூஜியும். ஆகலன்னா ஐ-ஜெல் நாலு. அதுவும் ஆகலன்னா ரெண்டு கையால மாஸ்க். கடைசியா கழுத்துப் பை, அது இங்க இருக்கு. சிஸ்டர், தொண்ணூத்தஞ்சு வந்தா சத்தமா சொல்லுங்க, நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாலும்.” குழாய் போடுகிறவருக்கு நேரம் போவது தெரியாது. எண்ணைச் சொல்லும் உரிமையை அறையில் வயதில் இளையவருக்கும் கொடுத்து வைப்பது உயிர் காக்கும்.

மாஸ்க் பிடிப்பதுதான் அடிப்படை

குழாய் போடத் தெரிந்தவர் பலர், மாஸ்க் பிடிக்கத் தெரிந்தவர் சிலர். மாஸ்க்கை முகத்தில் அழுத்தாதீர்கள்; தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டுவாருங்கள். மூன்று விரல்களும் தாடை எலும்பின் மேலேயே இருக்க வேண்டும். கீழே உள்ள மென்பகுதியில் விரல் அழுந்தினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு நீங்களே வழியை அடைக்கிறீர்கள். மார்பு எழவில்லையா, வாய்க் குழல் வையுங்கள். முன்பல்லிலிருந்து தாடைக் கோணம் வரை வைத்துப் பார்த்தால் அளவு கிடைக்கும். அப்போதும் எழவில்லை என்றால் உடனே இரண்டு கைக்கு மாறுங்கள்: இரண்டு கட்டைவிரல் அடிமேடும் மாஸ்க்கின் மேல், மற்ற விரல்கள் தாடைக் கோணத்தை முன்னோக்கித் தள்ள, பேக்கை இன்னொருவர் அமுக்கட்டும். அழுத்தம் 20 சென்டிமீட்டர் நீருக்கு மேல் போனால் காற்று வயிற்றுக்குள் இறங்கும். தாடி இருந்தால் அதன் மேல் ஜெல் தடவுங்கள். பல் இல்லாதவரின் கன்னங்களுக்குள் சுருட்டிய காஸ் வைத்தால் மாஸ்க் உட்காரும். எடுக்க மறக்காமல் இருக்க அதன் நுனி வெளியே தெரியட்டும்.

குழாய் போடுவது

வயிறு நிறைந்தவருக்கு மயக்க மருந்தும் தளர்த்தும் மருந்தும் அடுத்தடுத்து: ஸ்கோலின் கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம், அல்லது ரோகுரோனியம் 1.2. கிரிக்காய்டு அழுத்தம் (வயிற்றில் உள்ளது மேலேறாமல் இருக்கக் குரல்வளையின் அடி வளையத்தை அமுக்குவது) விழித்திருக்கும்போது ஒரு கிலோ எடை அளவு, நினைவு போனதும் மூன்று கிலோ. பார்வை மறைத்தால் அழுத்தத்தைத் தளர்த்தச் சொல்லுங்கள். வலையில் சிக்கிய கடல் பாம்பு கடித்து வந்தவருக்கு ஸ்கோலின் வேண்டாம். அந்த விஷம் தசையைச் சிதைத்துப் பொட்டாசியத்தை ஏற்றும், ஸ்கோலின் அதை மேலும் ஏற்றி இதயத்தை நிறுத்தலாம். சில நாள் ஆன தீக்காயத்துக்கும் நசுங்கிய காயத்துக்கும் இதே காரணம்.

பிளேடை வாயின் வலது ஓரத்தில் நுழைத்து, நாக்கை இடப்புறம் ஒதுக்கிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். நுனி, நாக்கின் அடிக்கும் மூச்சுவாய் மூடிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். அங்கிருந்து கைப்பிடி காட்டும் திசையில் மேலும் முன்னுமாகத் தூக்குங்கள். மணிக்கட்டை மடக்கி நெம்பினால் உடைவது மேல் முன்பல். மூடி மட்டும் தெரிகிறது, குரல்நாண் தெரியவில்லை என்றால் உங்கள் வலது கையால் குரல்வளையை வெளியிலிருந்து பின்னும் மேலும் சற்று வலமுமாக நகர்த்திப் பாருங்கள். நல்ல இடம் கிடைத்ததும் உதவியாளரின் விரலை அங்கே வையுங்கள்.

பூஜியை எடுக்கத் தயங்க வேண்டாம். வளைந்த நுனி மேல்நோக்கி, மூடியின் அடியில் நழுவ விடுங்கள். மூச்சுக்குழாயின் வளையங்களில் தட்டித் தட்டிப் போவது விரலுக்குத் தெரியும். 30 முதல் 40 சென்டிமீட்டரில் தானே நிற்கும். எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் உணவுக்குழாயில் இருக்கிறது. வலிந்து தள்ளாதீர்கள். பூஜியின் மேல் குழாயைச் செருகும்போது லாரிங்கோஸ்கோப் வாய்க்குள்ளேயே இருக்கட்டும். குழாய் முட்டினால் கொஞ்சம் பின்னிழுத்து இடஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்பினால் வழுக்கி இறங்கும். வீடியோ ஸ்கோப்பில் திரை மட்டும் பார்த்துக் குழாயைத் தள்ளுவது அண்ணத்தைக் கிழிக்கும். குழாய் நுனி திரையில் தெரியும் வரை கண் வாயிலேயே இருக்க வேண்டும்.

பனையிலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டவருக்குக் காலரின் முன்பக்கத்தைக் கழற்றி, ஒருவர் இரண்டு கையாலும் தலையை நேராகப் பிடித்திருக்க, வீடியோ ஸ்கோப்பும் பூஜியும் ஆரம்பத்திலேயே வேண்டும்.

பல்வரிசையில் பெண்ணுக்கு 21, ஆணுக்கு 23 சென்டிமீட்டர். கஃப்பை அழுத்தமானியால் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீருக்குள் வையுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்லும் அளவு பெரும்பாலும் தவறாக இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு ஓடினால் அழுத்தம் தானே ஏறும், இடையில் மறுபடி பாருங்கள். கழுத்தை மடக்கினால் குழாய் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உள்ளே போகும். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றில் வாயு ஏற்றியதும் நுரையீரல் மேலே தள்ளப்பட்டுக் குழாய் வலப்பக்கக் கிளைக்குள் நுழையலாம். அப்போதெல்லாம் இரண்டு அக்குளிலும் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். வியர்வையில் பிளாஸ்டர் கழன்றுவிடும். முகத்தைத் துடைத்து, பென்சாயின் டிங்சர் தடவி ஒட்டுங்கள், மேலே நாடாவாலும் கட்டுங்கள்.

அலை இல்லையென்றால் குழாய் இல்லை

குழாய் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்பதற்கு ஒரே நம்பகமான சாட்சி, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபின் அலை. குறைந்தது ஏழு மூச்சுக்கு அலை குறையாமல் வர வேண்டும். மார்பு எழுந்தது, குழாயில் ஆவி படிந்தது, நாண்களுக்கு நடுவில் போவதைப் பார்த்தேன் என்ற மூன்றும் உணவுக்குழாயில் இருக்கும்போதும் நடந்திருக்கின்றன. திரையில் நேர்கோடு என்றால், மறுக்கும் ஆதாரம் கிடைக்கும் வரை குழாய் தவறான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்து, உருவிவிட்டு மாஸ்க்குக்குத் திரும்புங்கள். இதயம் நின்ற நோயாளியிடம்கூட, மார்பை அமுக்கிக்கொண்டிருந்தால் சிறிய அலையாவது வரும்.

“மெஷின் கோளாறாக இருக்கும்” என்று அந்த நேரத்தில் சந்தேகப்பட இடம் வைக்காதீர்கள். அதற்காகத்தான் மருந்து கொடுக்கும் முன்பே நோயாளியின் மாஸ்க் மூச்சில் அலை வருகிறதா என்று பார்த்துக்கொள்வது. இந்தப் பக்கத்து ஈரப்பதத்தில், வெளிமூச்சை அளவிக்கு எடுத்துச் செல்லும் மாதிரிக் குழலில் தண்ணீர் கோத்து அடைப்பது அடிக்கடி நடக்கும். நீர்ப்பொறியைக் காலையில் காலி செய்து, குழல் மேல்நோக்கிச் சேரும்படி மாட்டுங்கள்.

நுழையவில்லை என்றால்

அகில இந்திய கடின மூச்சுவழிச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிமுறை சொல்வது: குழாய்க்கு அதிகபட்சம் மூன்று முயற்சி, ஒவ்வொன்றும் சாச்சுரேஷன் 95-க்கு மேல் இருக்கும் வரை மட்டும், ஐ-ஜெல் போன்றவற்றுக்கு இரண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் மாஸ்க்கால் ஆக்சிஜன். இரண்டாம் முயற்சியில் ஏதாவது மாற வேண்டும்: தலை உயரம், பிளேடு, பூஜி, அல்லது கை. அதே கை, அதே பிளேடு, அதே நிலை என்று நான்காவது முறை குத்தினால் குரல்வளை வீங்கி, மாஸ்க்கில் போய்க்கொண்டிருந்த காற்றும் நிற்கும்.

ஐ-ஜெல் 3 என்பது 30 முதல் 60 கிலோவுக்கு, 4 என்பது 50 முதல் 90-க்கு, 5 அதற்கு மேல். பின், பக்கம், முன் எல்லாவற்றிலும் மெல்லிதாக ஜெல் தடவி, அண்ணத்தை ஒட்டி, தடை தட்டும் வரை. கிரிக்காய்டு அழுத்தம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அலை வந்துவிட்டதா? அங்கே நின்று யோசியுங்கள். பக்கத் துளை வழியாக வயிற்றுக் குழாய் இறக்குங்கள். அவசரமில்லாத அறுவை என்றால் நோயாளியை எழுப்பிவிடுவதே பெரும்பாலும் சரியான முடிவு. ரோகுரோனியம் கொடுத்திருந்தால் சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 16 மில்லிகிராம் உடனே மீட்கும். விலை அதிகம், எல்லாத் தியேட்டரிலும் இருக்காது, ஆகவே இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

குழாயும் இல்லை, ஐ-ஜெல்லும் இல்லை, இரண்டு கை மாஸ்க்கிலும் மார்பு எழவில்லை என்றால், எண் இன்னும் 90 காட்டினாலும் காத்திருக்காதீர்கள். “காத்து போகல, கழுத்து வழியா போறேன்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். தசை முழுதாகத் தளர்ந்திருக்கட்டும். கழுத்தை நன்றாக நிமிர்த்துங்கள். வலக்கைக்காரர் நோயாளியின் இடப்பக்கம் நின்று, இடக்கையால் குரல்வளையை மூன்று விரலில் பிடித்து, தைராய்டு குருத்தெலும்புக்கும் கிரிக்காய்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை ஆள்காட்டி விரலால் தொடுங்கள். கத்தியின் கூர்ப்பக்கம் உங்களை நோக்க, குறுக்காக ஒரே குத்து. பிறகு கூர்ப்பக்கம் கால்பக்கம் பார்க்கும்படி கால் வட்டம் திருப்புங்கள். கத்தியை வெளியே எடுக்காமல் மெல்லத் தன்பக்கம் இழுத்தால் இடைவெளி திறக்கும். அதன் ஓரமாகப் பூஜியை 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு, கத்தியை எடுத்து, ஜெல் தடவிய 6.0 குழாயைப் பூஜி மேல் சுழற்றி இறக்குங்கள். கஃப், பேக், அலை. பள்ளம் தட்டுப்படாத பருத்த கழுத்தில் நடுவில் கீழிருந்து மேலாக 8 முதல் 10 சென்டிமீட்டர் கீறி, விரலால் விலக்கிக்கொண்டு தேடுங்கள். ரத்தம் வரும், துடைத்துக்கொண்டு நிற்காமல் விரலை நம்புங்கள். மாதம் ஒருமுறை கசாப்புக் கடையில் ஆட்டுக் குரல்வளை வாங்கி வந்து கை பழகினால், அந்த நிமிடத்தில் கை நடுங்காது.

எடுப்பதும் ஒரு வேலை

மேலே சொன்ன தணிக்கையில் மயக்கத்தில் நேர்ந்த சிக்கல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழிக்கும்போதும் அதற்குப் பின்னும்தான். தொண்டையில் காஸ் திணித்திருந்தால் அதை எண்ணி எடுத்து, பலகையில் எழுதியிருந்ததை அழியுங்கள். லாரிங்கோஸ்கோப் வைத்து, கண்ணால் பார்த்து, அண்ணத்துக்குப் பின்னால் உறைந்த ரத்தம் வரை சக்‌ஷன் செய்யுங்கள். நரம்புத் தூண்டி இருந்தால் நான்கு துடிப்பு விகிதம் (நான்காம் துடிப்பு முதல் துடிப்பில் எவ்வளவு பங்கு என்பது) 0.9; தசைத் தளர்ச்சியை மீட்க நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம், கிளைக்கோபைரோலேட் 10. கண் திறந்து, சொன்னதைச் செய்து, தானாக ஆழ மூச்சு விடும்போது மட்டும் எடுங்கள். பற்களுக்கு நடுவில் சுருட்டிய காஸ் இருக்கட்டும்; குழாயைக் கடித்துக்கொண்டு பலமாக மூச்சிழுத்தால் இளம் வயதினருக்கு நுரையீரலில் நீர் கோக்கும்.

எடுத்தவுடன் குரல்நாண் இறுகி ‘கீச்’ என்ற சத்தம் வந்தால், அல்லது மார்பு உள்வாங்கச் சத்தமே வராவிட்டால், நூறு சதவீத ஆக்சிஜனோடு மாஸ்க்கை இறுகப் பிடித்துத் தாடையை முன்னே தள்ளி, பேக்கில் தொடர் அழுத்தம். திறக்கவில்லை என்றால் புரோபோஃபால் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அதற்கும் ஆகாவிட்டால் ஸ்கோலின். நரம்பு வழி இல்லாத குழந்தைக்குத் தசையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம்.

குழாயோடு ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் சிலிண்டர் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். மானி பார் அளவில் காட்டும் அழுத்தத்தை 10-ஆல் பெருக்கினால் மீதி லிட்டர். 50 காட்டினால் 500 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டத்தில் 50 நிமிடம். தூரம் 50 கிலோமீட்டருக்கு மேல், பாம்பன் பாலத்தில் வண்டி நின்றால் கணக்குத் தவறும். தேவைப்படுவதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றுங்கள்.

மூச்சுவழி கடினமாக இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். அடுத்த அறுவை சென்னையிலோ துபாயிலோ நடக்கலாம். மாஸ்க் எளிதா, எத்தனை முயற்சி, குரல்வளை எவ்வளவு தெரிந்தது, எந்தக் கருவி கைகொடுத்தது, எந்த அளவுக் குழாய், தேதி என்பவற்றை எழுதுங்கள். வீட்டாரிடம் தமிழில் விளக்கி, அந்தத் தாளை ஆதார் அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லி, போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.